தலைய திட்டாதீங்க, இடுப்ப பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை ஸ்போர்ட்ஸ் பக்கத்துல புதுசா கோல்ஃப் ஆட வர்றவங்களுக்கு டிப்ஸ் போட்டிருந்தீங்க, நம்ம பேப்பர்ல கோல்ஃப் எல்லாம் வருதேன்னு ஆசையாத்தான் படிச்சேன், ஆனா மொத பாயிண்டே 'பால் போற வரைக்கும் தலைய தூக்காதீங்க'ன்னு இருந்துச்சு பாருங்க, அங்கதான் சுருக்குன்னுச்சு. இந்த ஒரு வரிய நம்பி ரெண்டு வருஷத்த வீணாக்கினவன் நான்.

அடிச்சா பாலோட மண்டைல பட்டு தரையோட உருண்டு ஓடும், உடனே சுத்தி நிக்கிறவங்க கோச் உட்பட எல்லாரும் 'தலைய தூக்கிட்டே'ம்பாங்க. நானும் தாடைய நெஞ்சுல புதைச்சுக்கிட்டு அடிச்சேன். அப்புறம் தோள் எப்படி சார் திரும்பும்? கை மட்டும் வீசுச்சு, பால் வலது பக்கமா வளைஞ்சு போச்சு, கீழ்முதுகு வலி வேற சேந்துக்கிச்சு.

ஒருநாள் கூட ஆடுறவர் போன்ல சைடுலேர்ந்து வீடியோ எடுத்து ஸ்லோ மோஷன்ல காட்டினாரு. கிளப், அதான் அடிக்கிற மட்டை, கீழ இறங்குறப்ப என் இடுப்பு பால பாத்து முன்னாடி பாயுது. இடுப்பு முன்னாடி வந்துட்டா கை போறதுக்கு இடமில்ல, அதனால முதுகு நிமிருது, முதுகு நிமிந்தா தலை மேலதான் போகும், பாவம் அது என்ன பண்ணும்.

மட்டை மேலேர்ந்து பாலுக்கு இறங்குற டவுன்ஸ்விங்கே ஏறக்குறைய கால் செகண்டுதான், அதுக்குள்ள தலைய எங்க போய் புடிக்கிறது? ஸ்வீடன் கோல்ஃப் வீராங்கனை அன்னிகா சோரன்ஸ்டாம் ஆடுன பழைய வீடியோ கிடைச்சா பாருங்க, பால் கிளம்புறப்பவே முகம் அது போற பக்கம் திரும்பிடும், அமெரிக்க வீரர் டேவிட் டுவாலும் அப்படித்தான். அப்படி ஆடித்தான் அந்தம்மா மேஜர்னு சொல்ற பெரிய போட்டிகள்ல 10 ஜெயிச்சாங்க, 2001-ல ஒரு முழு ரவுண்ட வெறும் 59 அடியில முடிச்சாங்க (கோல்ஃப்ல அடி குறையக் குறையத்தான் நல்லது). முகம் திரும்புது, ஆனா முதுகு வெடுக்குன்னு நிமிரல, அதுதான் விஷயம்.

நிக்கிறப்பவே முதுக கூன் போட்டு குனியாம, தொடை இடுப்போட சேர்ற இடத்துல மடியணும். நீட்டு குச்சி ஒண்ண முதுகோட வச்சு பாத்தா பின்மண்டை, மேல்முதுகு, வால் எலும்பு மூணும் ஒட்டியிருக்கணும். அப்புறம் செவுரு. குதிகாலுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு சாண் விட்டு, பின்பக்கம் செவுத்த லேசா தொடற மாதிரி மடிஞ்சு நின்னு, கைய நெஞ்சுல குறுக்க கட்டிக்கிட்டு கிளப் இல்லாமயே திரும்பிப் பாருங்க. வலது கை ஆட்டக்காரர்னா மட்டைய பின்னாடி தூக்குற பேக்ஸ்விங்ல பின்பக்கத்தோட வலது பாதி செவுத்த அழுத்தும், திரும்பி வர்றப்ப இடது பாதி வந்து அழுத்தணும். எனக்கு மொத நாள் இடது பாதி செவுத்த தொடவே இல்ல, ரெண்டும் சேந்து காத்துல நின்னுச்சு. அது செவுத்த தேடி வர்றதுக்கே மூணு வாரம் ஆச்சு. (ஏற்கெனவே முதுகு வலி உள்ளவங்க டாக்டர கேட்டுட்டு செய்யுங்க.)

இன்னொண்ணு, நீங்க போட்டிருந்த போட்டோ முன்னாடிலேர்ந்து எடுத்தது. அதுல தலை பக்கவாட்டுல ஆடுதான்னு தெரியும், இடுப்பு பால பாத்து பாயுதான்னு தெரியாது. அடுத்த தடவ டிப்ஸ் போட்டா சைடு போட்டோ ஒண்ணு போடுங்க சார், பெல்ட் தெரியற மாதிரி.

இப்படிக்கு,
உங்க வாசகன்