அசையாமல் கிடந்தால் தூங்குகிறார் என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறுவை சிகிச்சை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், தசைகளைத் தளர்த்தும் மருந்து செலுத்தியதும் நோயாளி ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடுவார் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இந்த மருந்தை என் கையாலேயே ஏற்றுகிறேன், ஏற்றிய பிறகு அந்தக் கட்டிலை விட்டு நகர மாட்டேன். தசைத் தளர்த்தி மருந்து யாரையும் தூங்க வைக்காது, வலியையும் குறைக்காது. உடம்பை அசைய விடாமல் செய்யும், அவ்வளவுதான். தூக்கத்துக்கும் வலிக்கும் தனித்தனியாக வேறு மருந்துகள் போக வேண்டும், அதுவும் தளர்த்திக்கு முன்பே போயிருக்க வேண்டும். (முதுகுவலிக்கு மாத்திரையாகத் தருகிறார்களே, அந்தத் தசைத் தளர்வு மருந்து வேறு. நான் சொல்வது ஆபரேஷன் தியேட்டரிலும் வென்டிலேட்டரிலும் ஊசியாகப் போடுவதை.)

நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து தசையில் இருக்கும் ஏற்பிகளில் சேர்ந்தால்தான் தசை சுருங்கும். வெக்குரோனியம், ராக்குரோனியம், அட்ராக்கூரியம் போன்ற மருந்துகள் அந்த ஏற்பிகளில் முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடித்துவிடும், அசிட்டைல்கோலின் வந்தாலும் உட்கார இடமிருக்காது. நாமாக அசைக்கும் தசைகள் எல்லாம் இப்படித்தான் நிற்கின்றன. இதயம் பாட்டுக்குத் துடிக்கும், குடல் அசையும், டார்ச் அடித்தால் கண்ணின் பாவை சுருங்கும். ஆனால் மூச்சுக்கு வேண்டிய உதரவிதானம் நின்றுவிடும். அந்த நேரத்தில் பையை அழுத்தியோ இயந்திரம் வைத்தோ மூச்சு கொடுக்க ஆள் இல்லாவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். மூளையை மட்டும் இந்த மருந்து தொடுவதே இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. தென்னமெரிக்கக் காடுகளில் பழங்குடி மக்கள் அம்பு நுனியில் தடவிய க்யூராரே என்ற நஞ்சுதான் இந்த மருந்துகளுக்கெல்லாம் மூலம். 1942ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹரோல்ட் கிரிஃபித், எனிட் ஜான்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் குடல்வால் அறுவை சிகிச்சை ஒன்றில், மயக்க வாயுவோடு சேர்த்து அதைப் பயன்படுத்தினார்கள். அப்புறம் அது வேகமாகப் பரவியது. பரவிய வேகத்தில், க்யூராரேவுக்கே மயக்கும் குணம் உண்டு என்று நம்பி, அதை மட்டும் கொடுத்து அறுவை செய்ததும் நடந்தது. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர், தூக்க மருந்து எதுவும் இல்லாமல் முழு அளவு க்யூராரேவைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். கண்ணிமையைக் கூட அசைக்க முடியாமல் கிடந்தார், சக மருத்துவர்கள் அவருக்கு மூச்சு கொடுத்தார்கள். மருந்து இறங்கிய பிறகு, தனக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் தெரிந்தது, வலி கொஞ்சமும் குறையவில்லை என்று நடந்ததை வரிசையாகச் சொன்னார். 1947ல் அந்த ஆய்வு வெளியானது. அப்படி ஒருவர் தன் உயிரைப் பணயம் வைத்து நிரூபித்த விஷயத்தை இன்றைக்கும் பத்திரிகையில் தவறாக அச்சிடுகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, இவ்வளவு ஆபத்தென்றால் எதற்குப் போட வேண்டும் என்று கேட்பார்கள். தேவை இருக்கிறது. குரல்நாண்கள் தளர்ந்தால்தான் மூச்சுக்குழாயில் ட்யூபைக் காயமில்லாமல் இறக்க முடியும். வயிற்றுத் தசை இறுக்கமாக இருந்தால் உள்ளே அறுவை செய்பவருக்கு இடமே கிடைக்காது. நுரையீரல் மோசமாகப் பாதிக்கப்பட்டவர் வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளும்போது எதிர்த்து மூச்சு விட்டால் நுரையீரல் இன்னும் சேதமாகும், அப்போதும் இது கைகொடுக்கிறது. ஆனால் எல்லாருக்கும் வேண்டியதில்லை. கடுமையான நுரையீரல் பாதிப்பில் 48 மணி நேரம் கொடுத்தால் இறப்பு குறைகிறது என்று 2010ல் பிரான்ஸிலிருந்து வந்த ஆய்வு சொன்னது, 2019ல் அமெரிக்காவில் அதைவிடப் பெரிதாக நடந்த ஆய்வில் அப்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அதனால் இப்போது ஆளைப் பார்த்து, அவசியமானால் மட்டும் கொடுக்கிறோம்.

யாரையும் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பொது மயக்கத்தில் இருக்கும்போது நினைவு திரும்புவது மிக அரிது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கணக்கெடுத்து 2014ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அப்படி நடந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 19,000 மயக்கங்களுக்கு ஒருவர். அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தசைத் தளர்த்தி கொடுத்தவர்களில் சுமார் 8,000க்கு ஒருவர், கொடுக்காதவர்களில் சுமார் 1,36,000க்கு ஒருவர். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். மயக்கம் லேசானால் மனிதன் கையை இழுப்பான், முகத்தைச் சுளிப்பான், பக்கத்தில் இருப்பவர் உடனே மருந்தைக் கூட்டுவார். தளர்த்தி போட்டவரால் அந்தச் சைகையைக் காட்டவே முடியாது.

அதனால்தான் எங்கள் பிரிவில் இந்த மருந்து ஓடும் கட்டிலில் நான் முதலில் பார்ப்பது வென்டிலேட்டரை இல்லை, தூக்க மருந்து போகும் பம்பை. சிரிஞ்ச் தீரப் போகிறதா, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தளர்த்தி ஓடிக்கொண்டே இருந்து தூக்க மருந்து மட்டும் நின்றுபோவதைப் போல ஒரு கொடுமை எங்கள் வேலையில் கிடையாது. காரணமில்லாமல் நாடித்துடிப்பு ஏறினாலோ, ரத்த அழுத்தம் கூடினாலோ, கண்ணோரம் நீர் கசிந்தாலோ அவருக்குத் தெரிகிறது என்று எடுத்துக்கொண்டு உடனே டாக்டரைக் கூப்பிடுகிறோம். இமை தானாக மூடாது என்பதால் கண்ணில் களிம்பு போட்டு மூடி டேப் ஒட்டுகிறோம், இல்லாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். திருப்பிப் படுக்க வைக்கும் முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஐயா, இப்ப இடது பக்கம் திருப்புறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைக்கிறோம். பார்க்க வரும் சொந்தக்காரர்களில் சிலர் கட்டில் பக்கத்திலேயே நின்று, இனி தேறுவாரா, செலவை யார் பார்ப்பது என்று பேசுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, தூங்குகிறார் என்றுதானே நாம் அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்? தயவுசெய்து அந்தப் பேச்சை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே வந்தால் அவரோடு பேசுங்கள்.

ஆபரேஷன் முடியும் நேரமும் இதே அளவுக்கு முக்கியம். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஒட்டுகளை வைத்து நரம்புக்கு நான்கு சின்ன மின் துடிப்புகள் கொடுத்தால் கட்டைவிரல் நான்கு முறை துடிக்கும். மருந்து இன்னும் மிச்சம் இருந்தால் முதல் துடிப்பு பலமாகவும் நான்காவது சோர்ந்தும் வரும். முதலாவதில் குறைந்தது 90 சதவீதம் நான்காவதிலும் இருந்தால்தான் ட்யூபை எடுப்பது பாதுகாப்பு. சின்னக் கருவிதான், ஆனால் அது இல்லாமல், தலையை ஐந்து விநாடி தூக்கச் சொல்லிப் பார்த்தால் போதும் என்று விட்டுவிடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அது போதாது. மருந்து மிச்சமிருப்பவருக்கு எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க வராது, மூச்சு முட்டும், சொல்லக் குரல் எழும்பாது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது வெறும் பதற்றமாகத்தான் தெரியும். முறிப்பதற்கு நியோஸ்டிக்மின் இருக்கிறது, ராக்குரோனியத்தையும் வெக்குரோனியத்தையும் நேரடியாகச் சிறைப்பிடிக்கும் சுகமாடெக்ஸும் ஐரோப்பாவில் 2008லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. முறிமருந்து வேலை செய்துவிட்டதா என்பதையும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று. 2017ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஸ்கேனுக்கு முன் பதற்றம் தணிக்கக் கொடுக்க வேண்டிய மருந்துக்குப் பதிலாக வெக்குரோனியத்தைச் செலுத்தி ஒரு நோயாளி இறந்துபோனார். இந்தக் குப்பிகளைத் தனிப் பெட்டியில், எச்சரிக்கை ஒட்டி வைக்க வேண்டும், சிரிஞ்சில் சிவப்பு லேபிள் ஒட்ட வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது அதற்காகத்தான்.

மருத்துவமனைகளிடம் நான் கேட்பது இதுதான். கையெழுத்து வாங்கும்போதே, அசையாமல் இருக்க ஒரு மருந்து, தூங்க ஒரு மருந்து, வலிக்கு ஒரு மருந்து என்று மூன்றையும் பிரித்துச் சொல்லிவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு திரும்ப நெடுநேரம் ஆனதா, காய்ச்சல் எக்கச்சக்கமாக ஏறியதா என்று கேளுங்கள், ஏனென்றால் சக்ஸமெத்தோனியம் என்ற தளர்த்தி பரம்பரைக் கோளாறு உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆபரேஷன் முடிந்து தெளிந்த பிறகு, தூங்கும் முன் கடைசியாக என்ன ஞாபகம், விழித்ததும் முதலில் என்ன ஞாபகம், நடுவில் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், அன்றைக்கும் சில நாள் கழித்தும். யாராவது இருக்கிறது என்று சொன்னால் கனவு கண்டிருப்பீர்கள் என்று தட்டிக்கழிக்காமல், சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்து, மயக்கம் கொடுத்த மருத்துவரையே வரவழைத்து அவர் எதிரில் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்