அந்த ஏணியைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கரீபியன் கப்பல் பயணக் கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம், நன்றாக இருந்தது. ஆனால் கப்பல் ஒரு தீவில் நிற்கும் அந்த ஒரு நாளில் என்ன செய்வது என்ற இடம் வந்ததும் கட்டுரையாளர், குடும்பத்தோடு போகிறவர்கள் ஒரு கட்டமரான் (இரண்டு அடிப்பாகம் உள்ள படகு) சவாரிக்குப் பதிவு செய்துகொண்டால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, கட்டமரான் என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான் என்பதற்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கியிருக்கிறார். அது உண்மைதான், எனக்கும் பெருமைதான். ஆனால் எந்த மாதிரிப் படகு, எத்தனை பேர் ஏறுவார்கள், வயதானவர்கள் எப்படி இறங்குவார்கள் என்று கூடவே நாலு வரி இருந்திருந்தால், குழந்தைகளையும் பெற்றோரையும் சேர்த்து அழைத்துப் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் தப்பான படகைப் பிடித்தோம், அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை செயின்ட் மார்ட்டின் தீவு, பிலிப்ஸ்பர்க். கப்பல் மூலமாகவே பதிவு செய்தோம், படகு திரும்பத் தாமதமானால் கப்பல் காத்திருக்கும் என்ற நிம்மதிக்காக. அந்த நிம்மதி பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் படகில் எண்பது பேருக்குக் குறையாது. பாயை ஏற்றினார்கள், எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம், எஞ்சின் மட்டும் கடைசி வரை நிற்கவே இல்லை. திரும்பும்போது ரம் பஞ்ச் ஊற்ற ஆரம்பித்தார்கள், பாட்டுச் சத்தம் தாங்காமல் நாலு வயது மகன் காதைப் பொத்திக்கொண்டு என் மடியில் சுருண்டுவிட்டான். அதைவிட மோசம், அவன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. பெரியவர்கள் போடுவதையே வாரை இறுக்கிக் கட்டிவிட்டார்கள், தண்ணீரில் இறக்கியதும் ஜாக்கெட் மேலே ஏறி அவன் மோவாயைத் தாண்டி மூக்கு வரை வந்துவிட்டது, அப்படியே தூக்கிக்கொண்டோம், அதோடு அவனுக்கு அன்றைய கடல் முடிந்தது.

அதனால் இரண்டு வருடம் கழித்து போன டிசம்பரில், அமெரிக்காவுக்குச் சொந்தமான வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸில் சின்னப் படகுதான் என்று முடிவு செய்தோம். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் சோதனைச் சான்றிதழ் வாங்காத படகு பொதுவாகக் கட்டணப் பயணிகள் ஆறு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது (தனிப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட சில படகுகளுக்கு மட்டும் அங்கே பன்னிரண்டு பேர் வரை அனுமதி), அதனால் ஆறு பேர் படகுகள் அங்கே நிறைய. நாங்களும் சரியாக ஆறு பேர்: நான், கணவர், இரண்டு குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, அப்பா. படகு முழுக்க நமக்கே என்று சந்தோஷமாக இருந்தது.

நேரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். செயின்ட் தாமஸில் வருடம் முழுக்க ஒரே நேரம், கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஃபுளோரிடாவிலிருந்து குளிர்காலத்தில் புறப்படும் கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் வைத்திருந்தால், தீவின் கடிகாரம் கப்பலைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். படகுக்காரர் எட்டரை என்று சொன்னால் அது தீவின் எட்டரை. கப்பல் அறையில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட உட்கார்ந்தோம், கணவர் தற்செயலாக போனைப் பார்த்தார், அப்புறம் ஓட்டம்தான். கப்பல் நிற்பது ஷார்லட் அமாலியில், எங்கள் படகு கிளம்புவதோ தீவின் கிழக்கு முனையில் ரெட் ஹுக்கில். மேடும் வளைவுமாக அரை மணி நேரத்துக்கு மேல் டாக்ஸி, அதுவும் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், ஆறு பேருக்குப் போக வர அதுவே தனிச் செலவு.

படகு செயின்ட் ஜான் தீவுக்குப் போனது. பள்ளிக்கூடத்தில் வியாபாரக் காற்று என்று படித்தோமே, அது அங்கே எப்போதும் கிழக்கிலிருந்துதான் வீசுகிறது, டிசம்பர், ஜனவரியில் இன்னும் பலமாக. கிறிஸ்துமஸ் காற்று என்றே அதற்குப் பெயர். போகும்போது எதிர்காற்று. இரண்டு அடிப்பாகம் உள்ள கட்டமரான் என்றால் கொஞ்சம் மட்டமாக நிற்கும். எங்களுடையது ஒற்றை அடிப்பாகம், பாயில் காற்று பிடித்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகிறது, குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம், அம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தவர்தான், விடவே இல்லை. இஞ்சி மரப்பா வாயில் இருந்ததால் வாந்தி வரவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார். (மாத்திரை போடுகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள், தலை சுற்றிய பிறகு போட்டுப் பலனில்லை.) அப்புறம் கேப்டன் எஞ்சினை நிறுத்தினார். தண்ணீர் பலகையில் உரசும் சத்தம் மட்டும்தான். பதினொரு வயது மகள் சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பாயின் ஓரம் படபடக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், படபடத்தால் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பு என்று கேப்டன் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த இருபது நிமிடத்துக்காக இன்னொரு தடவை அவ்வளவு பணமும் கொடுப்பேன்.

ஆனால் கடற்கரை வந்ததும்தான் தெரிந்தது. செயின்ட் ஜானில் பாதிக்கு மேல் தேசியப் பூங்கா, 1956-லிருந்து. அடியில் இருக்கும் பவளமும் கடல்புல்லும் கெடாமல் இருக்கப் படகுகள் கரையிலிருந்து தள்ளி, மிதவையில் கட்டிக்கொண்டு நிற்கின்றன. கரைக்குப் போக வேண்டுமென்றால் நீந்த வேண்டும், இல்லை ஏணியில் இறங்கி ஒரு சின்ன ரப்பர் படகில் ஏற வேண்டும். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. இரண்டு படி இறங்கினார். மூன்றாவது படியில் காலை வைத்துக்கொண்டு பார்க்கிறார், ரப்பர் படகு மேலே வருகிறது, கீழே போகிறது, மேலே வருகிறது. காலை நீட்டினார், இழுத்துக்கொண்டார். நீங்க போயிட்டு வாங்க என்று மேலே ஏறிவிட்டார். அப்பாவும் கூடவே இருந்துவிட்டார். அவ்வளவு தூரம் வந்து அந்த வெள்ளை மணலை அம்மா படகிலிருந்துதான் பார்த்தார். பதிவு செய்யும்போது நான் விலை கேட்டேன், சாப்பாட்டில் சைவம் உண்டா என்று கேட்டேன், ஏணியைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. படகுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அம்மா வருகிறார் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

நாங்கள் கரையில் இருந்த நேரத்தில் படகுக்குப் பக்கத்தில் ஆமைகள் மூச்சு வாங்க மேலே வந்துபோயிருக்கின்றன. அப்பா ராமநாதபுரத்துக்காரர், பேராமைதான் என்று அடித்துச் சொன்னார்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. அந்தக் கடற்கரைகளில் மான்சினீல் என்று ஒரு மரம், குட்டிப் பச்சை ஆப்பிள் மாதிரி காய் கீழே உதிர்ந்து கிடக்கும். காய், பால், இலை எல்லாமே விஷம், மழைக்கு அதனடியில் ஒதுங்கினால்கூடத் தோல் கொப்பளித்துவிடும். கேப்டன் முன்பே சொல்லியிராவிட்டால் என் மகன் நிச்சயம் ஒன்றை எடுத்திருப்பான். சன்ஸ்கிரீன் வாங்கும்போதும் பாருங்கள், ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோகிரைலீன் இருந்தால் பவளப்பாறைக்குக் கெடுதல் என்று அங்கே 2020 முதல் தடை.

வரும் பிப்ரவரியில் மறுபடி போகிறோம், அம்மாவும் வருகிறார். இந்தத் தடவை செயின்ட் லூசியாவைப் பிடித்திருக்கிறோம். காஸ்ட்ரீஸிலிருந்து சூஃப்ரியர் வரை தீவின் மேற்குக் கரையை ஒட்டியே படகு போகும், காற்றைத் தீவே மறைத்துக்கொள்வதால் அந்தப் பக்கம் அலை குறைவு, 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இரண்டு பிட்டான் மலைகளையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம், தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நடுத்தரக் கட்டமரான் ஒன்றுக்குக் கடிதம் எழுதி, மொத்தம் எத்தனை பேர், உட்கார நிழல் உண்டா, ஆறு வயதுப் பையனுக்கு லைஃப் ஜாக்கெட் உண்டா, கழிப்பறைக்கு எத்தனை படி இறங்க வேண்டும், கரையில் எப்படி இறக்குவீர்கள், கப்பல் அந்த ஊருக்கு வராமலே போய்விட்டால் பணம் திரும்புமா என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிட்டது. ஏணியை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன், அது மட்டும் இன்னும் வரவில்லை, வந்து அம்மாவிடம் காட்டிய பிறகுதான் பணம் கட்டுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நியூ ஜெர்சி