குறியீட்டோடு முடிந்த வேலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கோவில்பட்டி கடலைமிட்டாய் பற்றி வந்த கட்டுரையில், "புவிசார் குறியீடு கிடைத்ததோடு சங்கத்தின் வேலை முடிந்தது" என்று ஒரு வரி இருந்தது. படித்ததும் மனம் நொந்து போனது.

2014-ல் விண்ணப்பம் போட்டு, இந்த ஊருக்கே உரிய பொருள் என்று அரசு பதிவு செய்து தரும் அந்தக் குறியீடு 2020 ஏப்ரலில்தான் கைக்கு வந்தது. வாங்கியது தனிக்கடை எதுவும் அல்ல, உற்பத்தியாளர்களும் விற்பனையாளர்களும் சேர்ந்த சங்கம். ஆனால் சங்கத்தின் பெயரில் பதிவாகிவிட்டது என்பதற்காக ஊரில் எல்லாரும் முத்திரை குத்திக்கொள்ள முடியாது. ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். பதிவின் ஆயுள் 10 ஆண்டு. அதுவும் விண்ணப்பித்த தேதியிலிருந்தே கணக்கு. பாதிக்கு மேல் காத்திருந்ததிலேயே கழிந்துவிட்டது. புதுப்பிப்பது, சிறு பட்டறைக்காரர்களைப் பதிய வைப்பது, போலிகளைத் தடுப்பது எல்லாம் அதன் பிறகுள்ள வேலை.

தரத்தைக் காப்பதும் அப்படித்தான். கரிசல் காட்டுக் கடலையை வறுத்து, தோல் புடைத்து, சொத்தையும் பூஞ்சை பிடித்ததும் பொறுக்கித் தள்ள வேண்டும். ஒரு கசப்புப் பருப்பு வாயில் பட்டால் முழுப் பொட்டலமும் கெட்ட பெயர் வாங்கும். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டிய பிறகே பாகு காய்ச்சுவது. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் 'டணங்' என்று கேட்க வேண்டும். பதம் முந்தி இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். பிந்தினால் கருகிக் கசக்கும். சூடு தணியுமுன் பரப்பி, உருட்டி, வெட்டிவிட வேண்டும். ஆனால் ஆறாமல் பொட்டலம் கட்டினால் உள்ளே வேர்த்து இரண்டே நாளில் நமத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் இன்னும் மோசம். இதற்குப் பயந்து குளுக்கோஸ் பாகு ஊற்றுகிறவர்களும், நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போட்ட வெல்லம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் அட்டையில் "கோவில்பட்டி" என்றுதான் அச்சடிக்கிறார்கள். இதைக் கேட்க சங்கத்தை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உங்கள் பத்திரிகையில் இது முதல் தடவையும் அல்ல. 2017 நவம்பரில் கடலைமிட்டாய்க்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அன்று ஓட்டல் சாப்பாட்டுக்குக் குறைந்த வரி முதல் பக்கத்தில் வந்தது. எங்கள் மிட்டாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போதைய கட்டுரைக்குப் போட்ட படமும் வெள்ளைச் சர்க்கரையில் செய்த சிக்கி என்கிற வடநாட்டுக் கடலைமிட்டாய். வெல்லப் பாகின் பழுப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தங்களுக்குத் தெரியாததா?

அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். படத்தையும் மாற்றிப் போட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஒரு கடலைமிட்டாய் உற்பத்தியாளர்,
கோவில்பட்டி.