கழுத்து ஊசி: எந்த வழி, எந்த மருந்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

கழுத்து டிஸ்க் (எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டு) பிதுக்கத்துக்கான ஊசி சிகிச்சை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, எல்லாவற்றையும் 'ஸ்டீராய்டு ஊசி' என்ற ஒரே பெயரில் சொல்லிவிட்டது. இடுப்பில் அது ஓரளவு பொறுக்கலாம். கழுத்தில் ஊசி எந்த வழியாகப் போகிறது, உள்ளே எந்த மருந்து இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடும், குறையும்.

கழுத்தில் பெரும்பாலும் பிதுங்குவது 5–6, 6–7 எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகள். முதலாவதில் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகும். இரண்டாவதில் நடுவிரல் மரத்து, முழங்கையை நீட்டும் பலம் குறையும். இந்த அறிகுறியும் எம்ஆர்ஐயும் ஒத்துப்போக வேண்டும். நாற்பதைக் கடந்த பலருக்கு வலியே இல்லாமலும் ஸ்கேனில் பிதுக்கம் தெரியும். அதற்கு ஊசி தேவையில்லை. ஊசி டிஸ்க்கை உள்ளே தள்ளுவதுமில்லை. நரம்பு வேரைச் சுற்றிய அழற்சியைத் தணிக்கும், அவ்வளவுதான். கைக்கு இறங்கும் வலி பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் தானாகவே குறையும். மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் அடங்காத வலியோடு அந்த வாரங்களைக் கடக்கவே ஊசி உதவுகிறது.

வழிகள் இரண்டு. ஒன்று, பின்கழுத்தில் இரு எலும்புகளுக்கு நடுவே, தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் மருந்தைச் செலுத்துவது. பிதுக்கம் 5–6இல் இருந்தாலும் ஊசியைக் கழுத்தின் அடியில், 7ஆம் எலும்புக்கும் முதுகின் முதல் எலும்புக்கும் நடுவில் போடுவதே நல்லது. இடைவெளி அங்கேதான் அகலம். 6–7க்கு மேலே போடக் கூடாது. போடும் இடத்தில் ஊசிக்கு இடமிருக்கிறதா என்று எம்ஆர்ஐயை முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். சிரிஞ்சில் எதிர்ப்பு விலகுவதை விரலால் உணர்ந்து ஆழத்தைக் கணிக்கும் பழைய முறை கழுத்தில் ஏமாற்றும். அங்கே எலும்புகளைப் பின்புறம் இணைக்கும் மஞ்சள் தசைநார் நடுக்கோட்டில் பலருக்கு முழுதாகச் சேர்ந்திருக்காது. விரலுக்கு ஒன்றும் தெரியாமலே ஊசி தண்டுவடம் வரை போய்விடலாம். அதனால் ஊசி போடும்போதே திரையில் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் நேராக மட்டுமல்ல, பக்கவாட்டிலோ சாய்வாகவோ பார்த்து, கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) பரவுவதை உறுதிசெய்த பிறகே மருந்து போக வேண்டும்.

இரண்டாவது வழி, நரம்பு வெளிவரும் பக்கத்துத் துளை. முதுகெலும்புத் தமனியும் தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்தமனிகளும் அதை ஒட்டியே ஓடுகின்றன. டிரையம்சினலோன், மெத்தில்பிரெட்னிசலோன் போன்றவை துகள் கலந்த, பால்போல் வெளுத்த மருந்துகள். அவை தமனிக்குள் புகுந்தால் துகள்கள் அடைத்து மூளைத்தண்டிலோ தண்டுவடத்திலோ பக்கவாதம் வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014இல் பார்வை இழப்பு, பக்கவாதம், மரணம் வரை பட்டியலிட்டு எச்சரித்தது. 2015இல் அங்கே வெளியான நிபுணர் பரிந்துரைகள், கழுத்தில் இந்த வழிக்குத் துகள் மருந்து கூடவே கூடாது என்றன. தண்ணீர்போல் தெளிந்த டெக்ஸாமெதசோன் மட்டுமே இங்கே பொருந்தும். "பக்கத்திலிருந்தா, பின்னாலிருந்தா? மருந்தின் பெயர் என்ன?" என்று நோயாளி தயங்காமல் கேட்கலாம்.

முழு மயக்கம் கொடுத்துப் போடுவது தவறு. ஊசி நரம்பைத் தொட்டால் கையில் ஷாக் அடித்ததுபோல் இருக்கும். அதைச் சொல்லும் நினைவு நோயாளிக்கு இருக்க வேண்டும். குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் சாப்பிடுவோர் எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை இதய மருத்துவரோடு பேசியே முடிவுசெய்ய வேண்டும்; தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப்பின் சில நாள் சர்க்கரை எகிறும், தினமும் பார்க்க வேண்டும்.

டிஸ்க்குக்குள்ளேயே மருந்து செலுத்திக் கரைக்கும் ஊசிகள் வேறு வகை. ஜப்பான் 2018இல் அனுமதித்த காண்டோலியேஸ் இடுப்பு டிஸ்க்குக்கானது, கழுத்துக்கானது அல்ல.

சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அடக்க முடியாமை — இவை தண்டுவடமே அழுந்துவதன் அடையாளம். இவர்களை ஊசி போட்டுக் காத்திருக்க வைக்கக் கூடாது. உடனே அறுவை நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.

ஊசி போட்ட அன்று ஸ்டீராய்டோடு சேர்த்துப் போடும் மரப்பு மருந்தால் வலி குறைந்து, சில மணி நேரத்தில் திரும்பலாம். ஸ்டீராய்டு வேலைசெய்ய 2 முதல் 7 நாள் ஆகும், அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் கழுத்துவலி ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, கைகால் பலம் குறைந்தாலோ அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஊசி போட்ட இடத்தில் கசிந்த ரத்தம் தண்டுவடத்தை அழுத்தினால் சில மணி நேரத்துக்குள் அதை அகற்றியாக வேண்டும்.

இப்படிக்கு,
வலி சிகிச்சை மருத்துவர் ஒருவர்,
திருச்சி