புரட்டாசி 20க்குள் தளம் போட வேண்டும்: நம் பொது மருத்துவமனை விரிவாக்கத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

பெருமதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிழைப்புக்காக இருந்துகொண்டு பிறந்த மண்ணை மறவாத பிள்ளைகளுக்கும் விரிவாக்கப் பணிக் குழுவின் பணிவான வணக்கம்.

தணிகைமலை முருகன் திருவருளால் சென்ற தை மாதம் கடைக்கால் தோண்டித் தொடங்கிய புதிய கட்டடத்தின் சுவர்கள் இப்போது கதவு, ஜன்னல்களுக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்தைத் தாண்டி நிற்கின்றன. மேலே சாரம் கட்டிப் பலகை அடித்தாகிவிட்டது. கம்பி கட்டும் வேலை நடக்கிறது. தளம் போடுவதற்கான பணம்தான் கையில் இல்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பலகை நனைந்து உப்பிவிடும், கட்டிய கம்பி துருவேறும், ஒப்பந்தக்காரர் தம் ஆட்களை வேறு வேலைக்கு அழைத்துப் போய்விடுவார். அதன்பின் தை பிறக்கும் வரை யாரும் அதில் கைவைக்க முடியாது. ஆகவேதான் புரட்டாசி 20ஆம் நாள் என்று கெடு வைத்து உங்களிடம் வருகிறோம்.

கணக்கை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். 2,400 சதுர அடிக் கட்டடத்துக்குச் சதுர அடிக்கு 2,200 ரூபாய் வீதம் 52,80,000 ரூபாய். பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் இயந்திரம் நான்குக்கு 28,00,000. அவற்றுக்கு வேண்டிய தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. நிலையத்துக்கு 6,50,000. மூச்சு விட இயலாதவருக்கு மூச்சுக் கொடுக்கும் வென்டிலேட்டர் இரண்டுக்கு 12,00,000. ஜெனரேட்டருக்கு 7,20,000. கட்டில், மானிட்டர், ஆக்சிஜன் குழாய் இணைப்பு ஆகியவற்றுக்கு 11,50,000. ஆக மொத்தம் 1,18,00,000 ரூபாய். இன்றுவரை வந்து சேர்ந்திருப்பது 79,40,000. குறைவது 38,60,000 ரூபாய். வந்த பணம் சுவருக்கும் கம்பிக்கும் இயந்திரங்களின் முன்பணத்துக்கும் போய்விட்டது. தளத்துக்கு மட்டும் உடனடியாக 9,50,000 ரூபாய் வேண்டும்.

இந்த மருத்துவமனை எப்படி வந்தது என்பதை இளையவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிட வேண்டும். 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணிப் பகுதியைச் சேர்ந்த நாமும் அந்தப் பக்கம் போனோம். ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்த மங்கலங்கிழார் ஊட்டிய உணர்வும், ம.பொ.சி.யும் கே. விநாயகமும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், பெயர் தெரியாத எத்தனையோ நெசவாளர்களும் உழவர்களும் பட்ட பாடும் சேர்ந்து 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்கு மீட்டுத் தந்தன. நகரியும் புத்தூரும் சித்தூரும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. கோடு நம் வயல்களுக்கு நடுவே விழுந்தது. ஆயினும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், அந்தப் பக்கத்து ஏகாம்பரகுப்பத்துக்கும் நம் பக்கத்துப் பொதட்டூர்பேட்டைக்கும் இடையே நூலும் பாவும் போய்வருவதும் இன்றுவரை நிற்கவில்லை. நகரி மூக்கு மலையைப் பார்த்து மழை வருமா என்று கணிப்பதில் இரு பக்கத்தாரும் ஒன்றே.

அந்த நாளில் பேறுகால வலி கண்ட பெண்ணை மாட்டு வண்டியில் கிடத்தி ஓட்டிச் சென்று, பாதி வழியிலேயே தாயையும் சேயையும் பறிகொடுத்துத் திரும்பிய வீடுகள் நம் ஊரில் ஒன்றிரண்டல்ல. அதைக் கண்டு பொறாத நம் பாட்டன்மார் ஒரு தறிக்கூடத்தின் திண்ணையில், ஒரு கம்பவுண்டரையும் ஒரு மரப்பெட்டி மருந்தையும் வைத்து இந்த மருத்துவமனையைத் தொடங்கினார்கள். பாவு முடிந்து கூலி வாங்கும் நாளில் தறிக்கு நாலணா என்று எடுத்து வைத்தார்கள். பெண்கள் உலை வைக்கும்போது கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, மாதம் ஒருமுறை விற்றுக் கொடுத்தார்கள். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அப்படிச் சேர்த்த பணத்தில் எழுந்ததுதான் இப்போதுள்ள ஓட்டுக் கட்டடமும் பன்னிரண்டு கட்டில்களும். 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் தொடங்கியதுதான் இன்று நாம் விடியற்காலைப் பேருந்து பிடித்து ஓடுகிற அந்தப் பெரிய மருத்துவமனை. நம் பாட்டன்மார் தொடங்கியதும் அதற்குத் தாழ்ந்த முயற்சியன்று. அடுத்து வந்த நாம்தான் அதை அந்த அளவிலேயே விட்டுவிட்டோம் என்பதைக் குழு வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறது.

இப்போது ஏன் விரிவாக்கம், அதிலும் ஏன் டயாலிசிஸ், ஏன் வென்டிலேட்டர் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சென்ற கார்த்திகையில், கரும்புத் தோட்டத்தில் சோகை உரிக்கப் போன நம் ஊர் இளைஞர் ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்தது. தூக்கி வந்தபோது இரவு ஏழு மணி. செவிலியர் அவர் கையிலிருந்து 2 மில்லி இரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு மேசைமேல் நிறுத்தி வைத்தார். 20 நிமிடம் அதைத் தொடவும் கூடாது, அசைக்கவும் கூடாது. குழுவைச் சேர்ந்த நாங்கள் இருவர் அங்கே இருந்தோம். சுவர்க் கடிகாரத்தையும் அந்தக் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றோம். நேரம் முடிந்து குழாயைச் சாய்த்தபோது இரத்தம் தண்ணீராக வழிந்தது. நல்ல இரத்தமாக இருந்தால் உறைந்து அடியில் ஒட்டியிருக்கும். உடனே விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏற்றப்பட்டது. அந்த மருந்து நம்மிடம் எப்போதும் இருப்பில் உண்டு. அதற்கு வேண்டிய விஷத்தை 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் எடுத்துத் தருகிறவர்கள் இருளர்கள் என்பதையும், அதே இருளர் உறவுகள் நம் ஏரிக்கரையிலும் குடியிருக்கிறார்கள் என்பதையும் இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும்.

மருந்து உயிரைக் காத்தது. ஆனால் கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. மறுநாள் அந்தப் பிள்ளைக்குச் சிறுநீர் நின்றுபோயிற்று. இப்படி நின்ற சிறுநீரகம் பலருக்குச் சில வாரங்களில் மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிடும். அதுவரை டயாலிசிஸ் செய்து உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்தச் சில வாரங்களுக்கு 80 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நகரத்தில் தங்கிய செலவில் அவர்கள் வீட்டு விசைத்தறிகள் இரண்டும் விலைபோயின. பிள்ளை நலமாகத் திரும்பிவிட்டார். தறி திரும்பவில்லை.

அடுத்ததைச் சொல்லவே மனம் கூசுகிறது. தறிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த தாய் ஒருவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்தார். வாயுத் தொல்லை என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலியும் தெரியாது, பல் பட்ட தடமும் பெரும்பாலும் தெரியாது. இமைகள் தாமாகச் சரிந்து, பேச்சுக் குழறிய பிறகே இங்கே கொண்டுவந்தார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றினோம். ஆனால் மூச்சு விடும் தசைகள் ஓய்ந்துகொண்டிருந்தன. வென்டிலேட்டர் நம்மிடம் இல்லை. நம் செவிலியர் வண்டியில் முழங்காலிட்டு, ஆம்பு பையைக் கையாலேயே அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டு போனார். இடையில் விரல்கள் மரத்துப்போக, அந்தத் தாயின் மகன் வாங்கி அழுத்தினான். நகரத்து மருத்துவமனை வாசலுக்குச் சில கிலோமீட்டர் முன்னால் எல்லாம் முடிந்தது. கட்டுவிரியன் கடிக்குச் சில நாட்கள் இயந்திரத்தின் உதவியால் மூச்சு ஓடிக்கொண்டிருந்தால் முழுமையாகப் பிழைத்து எழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவரும் எழுந்திருக்கக்கூடும்.

எலும்பு முறிந்தால் புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வரலாம். ஒரு நாள் தாமதமானாலும் கை கால் நிலைக்கும். சிறுநீரகமும் மூச்சும் காத்திருப்பதில்லை. சர்க்கரையாலும் இரத்தக் கொதிப்பாலும் சிறுநீரகம் பழுதானவர்கள் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ஆயுள் முழுவதும் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு முறைக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் ஓடுகிறது. நம் ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரை அப்படியே இயந்திரத்துக்குள் விட முடியாது என்பதால்தான் ஆர்.ஓ. நிலையத்தைத் தவிர்க்க இயலவில்லை. நான்கு இயந்திரங்களை நாளைக்கு இரண்டு முறை, வாரத்தில் ஆறு நாள் ஓட்டினால் பதினாறு பேருக்கு உள்ளூரிலேயே வழி பிறக்கும். ஒரு முறைக்கு ஆகும் செலவை 1,400 ரூபாய் என்று கணக்கிட்டிருக்கிறோம். ஒருவருக்கு ஆண்டுக்கு 2,18,400 ரூபாய். இயலாதவரிடம் அதை வாங்குவதில்லை என்று குழு தீர்மானித்திருக்கிறது.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த தொல்லை இன்னொன்றும் உண்டு. நகரிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட நம் வீட்டுப் பெண்ணின் பெயர் அங்குள்ள ஆந்திர அரசின் மருத்துவத் திட்டத்தில் இருக்கிறது. உடம்பு முடியாமல் தாய்வீடு வந்தால் இந்தப் பக்கத்து முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அவள் பெயர் இல்லை. இங்கே வந்து தறி ஓட்டுகிற அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் அதே கதிதான். நம் மருத்துவமனையில் எந்த மாநிலத்து அட்டை என்று கேட்கும் வழக்கம் ஒருநாளும் இருந்ததில்லை. புதிய கட்டடத்திலும் கேட்கப் போவதில்லை.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கட்டடத்துக்கு இடம் போதவில்லை என்றதும், தம் வீட்டு மனையை ஒட்டிய ஆறு சென்ட் நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுத்த மூதாட்டியாரை முதலில் வணங்குகிறோம். ஓய்வூதிய நிலுவைத் தொகை முழுவதையும் ஒரே காசோலையாக எழுதி, பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போன ஆசிரியர் ஐயாவை வணங்குகிறோம். சீட்டு எடுத்த பணத்தில் தலைக்கு ஆயிரம் என்று கொண்டுவந்து கொடுத்த மகளிர் குழுச் சகோதரிகள், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து முடித்த கையோடு அன்னதானத்தில் மிஞ்சிய தொகையை அப்படியே தந்த இளைஞர்கள், ரமலான் மாதத்தில் தாமே திரட்டி வந்து தந்த ஜவுளி வியாபாரிகள், அறுவடைக் காணிக்கையிலிருந்து பங்கு தந்த தேவாலயத்தார், எல்லை தாண்டி நகரியிலிருந்து வந்து கொடுத்த விசைத்தறி உரிமையாளர்கள், வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்த பணத்தில் மாதம் தவறாமல் அனுப்புகிற பிள்ளைகள், மண் உண்டியலை உடைத்து 1,316 ரூபாயை எண்ணி வைத்த ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் என எல்லோரும் எங்கள் நெஞ்சில் இருக்கிறார்கள். ஏரிக்கரை இருளர் குடும்பங்கள் பணத்துக்குப் பதிலாக இரண்டு நாள் கடைக்கால் தோண்டித் தந்தார்கள். அதற்கு எங்கள் கணக்குப் புத்தகத்தில் எழுத ஒரு கட்டம் இல்லை. ஆனாலும் எழுதி வைத்திருக்கிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. தைப்பூசத்தன்று நடந்த பொதுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் தொகை அறிவித்தவர்களில் பதினான்கு பேரிடமிருந்து இன்னும் பணம் வரவில்லை. அந்தத் தொகை மட்டும் 11,25,000 ரூபாய். அது வந்தாலே இன்று தளம் போட்டுவிடலாம். தறித் தொழில் தளர்ந்திருப்பதும், கரும்புக்குப் பணம் தாமதமாவதும் எங்களுக்குத் தெரியாதவையல்ல. இயலாதவர் ஒரு சொல் சொன்னால் போதும், தவணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த ஆவணியில் நடந்த கல்யாணங்களுக்குச் சாலை நெடுகிலும் பதாகை வைக்கவும், வாணவேடிக்கை நடத்தவும் வசதி இருந்த வீடுகளில் மருத்துவமனைக் கணக்குக்கு மட்டும் கை முடங்கிப்போவதை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் முதன்முதலில் அழுதது அந்த ஓட்டுக் கட்டடத்தின் பிரசவ அறையில்தான். கைப்பிடி அரிசி எடுத்து வைத்த பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகள் நாம். சொன்ன சொல்லைக் காப்பாற்றும்படி மிகுந்த பணிவோடும் உரிமையோடும் கேட்டுக்கொள்கிறோம்.

பணம் கொடுப்போர் மருத்துவமனை அலுவலகத்தில் காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை செலுத்தலாம். குழு உறுப்பினர்கள் ஞாயிறுதோறும் வீடு வீடாகவும் வருவார்கள். எண் அச்சிட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். வரிச்சலுகை வேண்டுவோர் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ தாருங்கள். அந்தத் தொகையை ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடைக்காது. வரவும் செலவும் சனிக்கிழமை மாலைதோறும் வாசலில் உள்ள கரும்பலகையில் எழுதப்படும். பணமாகத் தர இயலாதோர் சிமெண்டு மூட்டையாகவும் ஜல்லியாகவும் தரலாம்.

தளம் போடும் நாளில் கலவை இயந்திரம் காலை ஐந்து மணிக்கே ஓடத் தொடங்கும். தொடங்கிய வேலையை இடையில் நிறுத்தக் கூடாது என்பதால் தட்டு தூக்குவதற்கு நாற்பது பேராவது வேண்டும். வருகிறவர்கள் பெயரை முன்கூட்டியே அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தலைக்குச் சும்மாடு கொண்டுவாருங்கள். அன்றைய காலை, மதிய உணவை மகளிர் குழுவினர் சமைக்கிறார்கள்.

இங்ஙனம்,
விரிவாக்கப் பணிக் குழுவினர்