மோட்டார் வைண்டிங் தொழிலாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த மேஸ்திரிகளே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, இந்த ஆண்டு மாதக் கூட்டங்களில் கூலி, சந்தா பேச்சு முடிந்ததும் மின்சாரத்தின் ஆரம்பகால வரலாற்றைப் படித்தோம். விஞ்ஞானிகளின் கதை என்று பள்ளியில் கேட்டது, படிக்கப் படிக்கக் காயில் (கம்பிச் சுருள்) கட்டியவர்களின் கதையாகவும் தெரிந்தது. அதனால் இந்த அறிக்கையில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் வில்லியம் ஸ்டர்ஜன். இங்கிலாந்துக்காரர், செருப்பு தைக்கும் தொழில் பழகி, அப்புறம் பட்டாளத்தில் இருந்தவர். 1825-இல் லாடம் போல வளைத்த இரும்பில் செம்புக் கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்து காட்டினார். சுமார் 200 கிராம் இரும்பு 4 கிலோவைத் தூக்கியது. மின்சாரம் இரும்புக்குத் தாவாமலிருக்க வார்னிஷ் பூசியது இரும்புக்குத்தான். கம்பி வெறும் கம்பி. சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் சுற்றி வராமல் குறுக்கே பாய்ந்து ஷார்ட் ஆகிவிடும் என்பதால் இடைவெளி விட்டே சுற்ற வேண்டியிருந்தது. நம் இளைஞர்கள் அதேபோல ஒன்று செய்து பார்த்தார்கள். சுற்றுகளை நெருக்கித் தொடவிட்டதும் ஒட்டியிருந்த ஆணிகள் உதிர்ந்தன.

அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி, இரும்புக்குப் பூசுவதை விட்டுவிட்டுக் கம்பிக்கே பட்டு சுற்றினார். செய்த மாற்றம் அவ்வளவுதான். ஆனால் கம்பியை நெருக்கமாக, அடுக்கு மேல் அடுக்காகக் கட்டும் வழி அதில்தான் பிறந்தது. 1831-இல் யேல் கல்லூரிக்கு அவர் கட்டிக்கொடுத்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. ஆண்டு முழுவதும் படித்ததில் எனக்கு இதுவே பெரிய இடம். இன்று எனாமல் பூசிய கம்பியில் கீறல் விழாமல் மோட்டாரின் ஸ்லாட்டில் (பள்ளத்தில்) இறக்குகிறோமே, அந்தக் கவனம் இங்கிருந்து வருகிறது.

அதே 1831, ஆகஸ்ட் 29 அன்று லண்டனில் மைக்கேல் பாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் தனித்தனிக் காயில் கட்டினார். கொல்லரின் மகன், புத்தக பைண்டிங் தொழில் கற்றவர். சுற்றுகளைப் பிரிக்க நூலும் பருத்தித் துணியும் வைத்தார். ஒரு காயிலில் பாட்டரியை இணைக்கும்போதும் எடுக்கும்போதும் மட்டும் மறு காயிலின் பக்கம் காந்த ஊசி அசைந்தது. டிரான்ஸ்பார்மரிலும் இதே வேலைதான் நடக்கிறது என்பதால், அதைக் கட்டும் உறுப்பினர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

கூட்டத்துக்குப் பிறகும் எல்லோரையும் பேசவைத்தவர் தாமஸ் டேவன்போர்ட். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக் கொல்லர். 1833-இல் ஒரு மின்காந்தத்தை விலைக்கு வாங்கி, எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்க்கச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். மனைவி எமிலி பக்கத்திலிருந்து குறித்துக்கொண்டார். பழைய மோட்டாரைப் பிரிக்கும்போது சுற்றுகளை எண்ணி எழுதும் நம் பழக்கம்தான்! கம்பிச் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் பிரிக்கும் இன்சுலேஷனுக்காகத் தம் கல்யாணப் பட்டு உடையையே எமிலி கிழித்துக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். 1837-இல் மின்மோட்டாருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் பாட்டரியில் கரையும் துத்தநாகத்தின் செலவு நீராவி எஞ்சினின் நிலக்கரிச் செலவைவிட மிக அதிகம். தொழில் நிலைக்காமலே 1851-இல் இறந்துபோனார். எமிலியின் பெயர் நம் பயிற்சி வகுப்பில் சொல்லப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மற்றபடி, கண் பரிசோதனை முகாம் நல்லபடி நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1932-இல் உற்பத்தி தொடங்கிய நீலகிரி பைக்காரா மின்நிலையத்தையும், அந்த மின்சாரம் வந்தபின் கோவை மில்கள் பெருகியதையும் படிக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்