தண்ணீருக்கு மேலே இன்னொரு தரை

ஆசிரியருக்கு,

ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய் என்று வடசென்னையில் எங்கே தூர்வாரினாலும் எத்தனை டன் அள்ளினார்கள் என்பதே பேச்சாக இருக்கிறது. அள்ளப்படும் மிதக்கும் செடியான ஆகாயத்தாமரையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். டன் கணக்கு வெள்ளத்துக்கு உதவாது. பாதை திறந்ததா என்றுதான் பார்க்க வேண்டும்.

திறந்த கால்வாயில் தண்ணீர் அடியிலும் கரைகளிலும் மட்டுமே உராய்கிறது. ஆகாயத்தாமரை மூடிக்கொண்டால் மேலேயும் ஒரு தரை வந்துவிடுகிறது. அகலமான கால்வாயில் உராயும் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த மேல்தரைக்கும் அடித்தரையின் சொரசொரப்புதான் என்று வைத்தாலே, அதே ஆழத்திலும் சரிவிலும் ஓட்டம் சுமார் 63 சதவீதமாக இறங்கிவிடும். உண்மையில் வேர் இன்னும் மோசம். ஒரு செடியைத் தூக்கிப் பாருங்கள்: கறுத்த இறகுக் குஞ்சம் போல வேர் தொங்கும், இழைக்கு இழை வண்டல் அப்பியிருக்கும். அதற்குள் புகும் தண்ணீர் சின்னச் சின்னச் சுழல்களாக உடைந்தே வேகத்தை இழக்கிறது.

சம்பு என்ற உயரமான கோரை போன்ற செடியோ கால்வாயின் தரையில் வேரூன்றுவது. ஒவ்வொரு தண்டுக்குப் பின்னாலும் சுழல் எழும். புதருக்குள் ஓட்டம் மந்தமாகி வண்டல் படியும். அந்த மேட்டில் மேலும் சம்பு முளைக்கும். கால்வாயின் சொரசொரப்பைக் குறிக்கும் மேனிங் எண் சுத்தமான மண் கால்வாய்க்கு 0.025 என்றால் புதர் மண்டியதற்கு 0.08 வரை போகும். வேகம் மூன்றில் ஒரு பங்குகூட இராது. மேலே அறுத்தால் போதாது, கிழங்கோடு தோண்ட வேண்டும்.

ஜூனில் சுத்தம் செய்து நிறுத்துவதுதான் பெரிய தவறு. கழிவுநீரில் ஆகாயத்தாமரை இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். பத்தில் ஒரு பங்கை விட்டுவைத்தால் ஏழு வாரத்தில் பழைய நிலை. அக்டோபர் முதல் வாரத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், இன்னொரு முறை கட்டாயம் எடுக்க வேண்டும். பாலங்களுக்கு மேல்புறம் காலி பேரல்களைக் கயிற்றில் கோத்துக் குறுக்காக, சாய்வாகக் கட்டினால் மிதந்து வருவது ஒரே கரையில் ஒதுங்கும். பொக்லைனை அங்கேயே நிறுத்தலாம். அள்ளியதைக் கரையோரம் குவிக்கக் கூடாது. ஒரு மழை போதும், திரும்ப உள்ளே இறங்கித் துளிர்த்துவிடும்.

கரைச் சரிவில் உள்ள புல்லை மட்டும் வழிக்க வேண்டாம், மண்ணைப் பிடித்து நிற்பது அதுதான்.

ஒவ்வொரு பாலத்தின் மேல்புறமும் கீழ்புறமும் அளவுகோல் வரைந்து வையுங்கள். இரண்டு பக்கத்து நீர்மட்டத்துக்கும் வித்தியாசம் கூடினால் அங்கே அடைப்பு என்று பொருள்.

நீரியல் பொறியாளர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை.